ஷாட்கன் மேகசினை ‘ரவைக்கூடு’ என்னலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கிச் சொற்களுக்கு நாம் தமிழ் தேடுவதில் வந்த பரிந்துரைகளைப் பற்றி எழுதுகிறேன். ஷாட்கன் என்பது ஒரே வெடியில் பல ஈயமணிகளைச் சிதறவிடும் துப்பாக்கி. ஆட்டோமேட்டிக் ஷாட்கனுக்கு ‘தானியங்கிச் சிதறுதுப்பாக்கி’ என்று வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினை ‘ரவைக்கூடு’ என்பதில்தான் தயக்கம்.

ரவைக்கூடு அருமையான சொல். ஈழ வழக்கில் புழங்கிப் பழகியது; ரைஃபிளுக்கு அதை மாற்றவே கூடாது. அங்கே ரவை என்றால் குண்டு. ஷாட்கனிலோ ரவை என்பது தோட்டாவுக்குள் கிடக்கும் ஈயமணி. 12 கேஜ் (குழலின் விட்ட அளவு) தோட்டாவின் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்கள். அடியில் உலோகக் குப்பி, அதில் மருந்து, மருந்தின் மேல் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ரவைகள். டபுள்-ஆட் (00) எனும் பெரிய ரவை வகையில் வழக்கமாக எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மி.மீ. ரவைக்கூடு என்ற பெயர் அந்தக் கிண்ணத்துக்கே சேர வேண்டியது. ‘20 ரவை கொள்ளும் கூடு’ என்று எழுதினால் படிப்பவர் எதை எண்ணுவார், தோட்டாவையா மணியையா? ஏஏ-12 என்ற தானியங்கி ஷாட்கனின் வட்ட மேகசினில் 20 தோட்டா. மணிக் கணக்கில் அது 180 வரை போகும்.

ஆகவே ‘தோட்டாக்கூடு’ என்போம். பெட்டி வடிவத்தது பெட்டிக்கூடு. வட்ட மேகசினான டிரம்முக்கு ‘உருளைக்கூடு’ வேண்டாம். குழலுக்கடியில் நீளவாக்கில் இருப்பதும் உருளைதானே. அது குழாய்க்கூடு, டிரம் வட்டக்கூடு.

சுடும்போது தோட்டா இருக்கும் குழலின் பின்முனையான சேம்பருக்கு வெறும் ‘அறை’ போதாது, ‘குழலறை’ வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். சைகா-12 என்ற ரஷ்ய ஷாட்கனில் கூட்டின் முன்நுனியைக் கொளுவி, பின்பக்கத்தை மேலே மடக்கினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவதும் எளிது. ஆனால் கூடு கைக்கு வந்த பிறகும் குழலறையில் ஒரு தோட்டா இருக்கலாம். ‘துப்பாக்கியைக் காலி செய்க’ என்ற ஒற்றை வரி இதைச் சொல்லாது. ‘கூட்டைக் கழற்று, போல்ட்டைப் பின்னிழு, குழலறையைக் கண்ணால் பார்’ என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். (போல்ட் என்பது தோட்டாவைக் குழலறைக்குள் தள்ளி அடைக்கும் பகுதி.) ஏஏ-12 திறந்த போல்ட்டில் சுடுவது, அதாவது சுடுமுன் போல்ட் பின்னாலேயே நிற்கும். விசையை இழுத்த பிறகே தோட்டா குழலறைக்குள் போகும். அதற்கும் இந்த மூன்று வரியை விடக்கூடாது.

அடுத்தது ‘தானியங்கி’. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு ‘ஆட்டோ-5’ என்றே பெயர் பெற்றது. குழாய்க்கூட்டில் நான்கு, குழலறையில் ஒன்று, ஆக ஐந்து. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். சைகாவும் அப்படியே. இவை அரைத்தானியங்கி. 1972இல் அட்சிசன் வடிவமைத்த துப்பாக்கியிலிருந்து வளர்ந்த ஏஏ-12தான் விசையைப் பிடித்திருக்கும் வரை சுடும், நிமிடத்துக்குச் சுமார் 300 என்ற வேகத்தில். எட்டுத் தோட்டாப் பெட்டிக்கூடு இரண்டு நொடிக்குள் தீர்ந்துபோகும். பெயரில் ‘ஆட்டோ’ இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், துப்பாக்கியைப் பிடிப்பவருக்கு நாம் தவறான தகவலைத் தருகிறோம்.

ரீகாயிலுக்குப் ‘பின்னுதைப்பு’, தோளில் பதியும் பட்டுக்குப் ‘பிடங்கு’. இவற்றில் தகராறே இல்லை.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ஷாட்கன் தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்தி நிற்கும். பெட்டிக்கூட்டில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளினாலும் அது நகராது. ‘விளிம்புச் சிக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘விளிம்புப் பிணக்கு’ என்றும் தோன்றுகிறது. துப்பாக்கியைக் கையாண்டு பழகியவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.