சிடி ஓடுது, சத்தம் வரல: அனலாக்கா டிஜிட்டலா?

தேக்கா_வாசி:
விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். பழைய மாதிரி ஐடிஇ இணைப்பு டிரைவைக் கழற்றிட்டு, புது மாதிரி சாட்டா இணைப்பு டிவிடி டிரைவ் மாட்டியிருக்கேன். எம்பி3 நல்லா பாடுது. ஆடியோ சிடி போட்டா பிளேயர்ல நொடி ஓடுது, சத்தம்தான் இல்ல. பழைய டிரைவுல இருந்து சவுண்ட் கார்டுக்குப் போன மெல்லிசு வயர் அந்தரத்துல தொங்குது, புதுசுல அதைச் சொருக இடமே இல்ல. சிம் லிம் ஸ்குவேர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல வேற வயர் கிடைக்குமா?

ஈயப்பற்று:
வயருக்கு அலையாதீங்க. அது அனலாக் வழி. டிரைவுக்குள்ளயே டிஜிட்டலை அனலாக் ஒலியா மாத்துற ஒரு டிஏசி சில்லு இருக்கும். அது மாத்தித் தர்ற ஒலி நாலு பின்ல வெளிய வரும்: ஓரத்துல இடது, வலது, நடுவுல ரெண்டு கிரவுண்ட். பெரும்பாலான சாட்டா டிரைவுல அந்தப் பின்னே கிடையாது. உங்க பிளேயர் இன்னும் டிரைவைப் பார்த்து "நீயே பாடு"ங்குது. அதுவும் பாடுது, யாருக்கும் கேட்கல.

டிவைஸ் மேனேஜர்ல சிடி டிரைவை ரெண்டு தடவை கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்துல டிஜிட்டல் சிடி ஆடியோ பெட்டியை டிக் பண்ணுங்க. மீடியா பிளேயர் ஆப்ஷன்ஸ்லயும் அந்த டிரைவுக்கு பிளேபேக் டிஜிட்டலா இருக்கணும். இனிமே பாட்டு டேட்டா கேபிள் வழியாவே கம்ப்யூட்டருக்கு வரும். அதனால சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வால்யூம் மிக்ஸர்ல 'வேவ்'வைத்தான் நகர்த்தணும், 'சிடி ஆடியோ'வை இல்ல.

தேக்கா_வாசி:
வந்துடுச்சு, நன்றிண்ணே! ஆனா ரெண்டு மூணு சிடி விட்டு விட்டுப் பாடுது.

சுழல்தட்டு:
எல்லா சிடியுமா, கீறல் விழுந்தது மட்டுமா? டிஜிட்டல்னா நொடிக்கு 75 செக்டர் (டேட்டா துண்டு), ஒவ்வொண்ணும் 2352 பைட், கம்ப்யூட்டர் வந்து சேரணும். டேட்டா சிடியில செக்டருக்கு 2048 பைட்தான் சரக்கு, மிச்சத்துல பிழைதிருத்தமும் உண்டு. பாட்டு சிடியில அந்தக் கூடுதல் காப்பு இல்ல, பெரிய கீறல்னா டிரைவ் ஊகிச்சு நிரப்பும். மெல்லிய துணியால நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைங்க, வட்டமா வேண்டாம். அப்புறம் மீடியா பிளேயர்ல எரர் கரெக்‌ஷனை டிக் பண்ணுங்க.

எல்லா சிடியும் திக்கினா டிவைஸ் மேனேஜர்ல டிரைவ் இருக்கிற ஐடிஇ சேனலோட (சாட்டா டிரைவும் அதுல வரலாம்) அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்க. பிழை அடுக்கடுக்கா வந்தா எக்ஸ்பி வேகமான டிஎம்ஏ முறையை விட்டு மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிடும், தானா ஏறாது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணா திரும்பும்.

பழைய_பிசி:
அனலாக்ல இனிமை அதிகம்னு சொல்றவங்களை நம்பாதீங்க. கேஸுக்குள்ள இருக்கிற இரைச்சலும் அந்த வயர்ல ஏறும். தொங்குற வயரைக் கழற்றிட்டு 'சிடி ஆடியோ'வை மியூட் பண்ணுங்க. ஐடிஇ டிரைவ் நல்லா ஓடினா அதையும் வயரையும் தூக்கிப் போடாதீங்க. சிடியில பாட்டு வச்ச டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) கேமுக்கு அந்த வயர் வேணும், இல்லேன்னா வெடிச்சத்தம் கேட்கும், பாட்டு வராது.