மறு: ‘பர்ஸ்’ – பரிசுத்தொகை வேண்டாம், சண்டைக்கூலியும் பார்வைப்பங்கும் எப்படி?

முள்ளியவளைத் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

குத்துச்சண்டைச் செய்தி ஒன்றுக்குத் தம்பி தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தார். அதில் வரும் ‘பர்ஸ்’, அதாவது ஒரு சண்டைக்காகச் சண்டைக்காரருக்குக் கிடைக்கும் காசு, என்பதற்குப் ‘பரிசுத்தொகை’ போதும் என்று வவுனியா ஐயா எழுதியிருந்தார். பத்திரிகைகளும் அப்படித்தான் போடுகின்றன, ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. பரிசு என்றால் வென்றவருக்குக் கொடுப்பது. 2015 மே மாதம் லாஸ் வேகாஸில் குத்துச்சண்டைக்காரர்கள் மேவெதரும் பக்கியாவோவும் மோதியபோது காசை 60க்கு 40 வீதம் என்று பிரிப்பதாக முன்னமே பேசி முடித்தாயிற்று. தோற்ற பக்கியாவோ தன் 40ஐ வாங்கிக்கொண்டுதான் போனார், மேவெதர் தோற்றிருந்தாலும் அவருடைய 60இல் ஒரு சதம் குறைந்திருக்காது.

அதோடு இது ஒரே காசும் அல்ல. ஒன்று, எத்தனை பேர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய தொகை. 2017இல் மேவெதர்–மக்கிரகர் சண்டைக்கு, குத்துச்சண்டையை மேற்பார்க்கும் நெவாடா மாநில ஆணைக்குழுவிடம் மேவெதருக்கு 100 மில்லியன் டொலர், மக்கிரகருக்கு 30 மில்லியன் என்று காட்டினார்களே, அது. மற்றது, வீட்டில் இருந்து காசு கட்டிப் பார்க்கிறவர்களின் பணத்தில் வரும் பங்கு. 2015 சண்டையை அமெரிக்காவில் 4.6 மில்லியன் பேர் வாங்கினார்கள், துல்லியப் படத்துக்கு (HD) விலை கிட்டத்தட்ட 100 டொலர். பெரிய பெயர்களுக்கு உண்மையான வருமானம் இதில்தான்.

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கப் போகிறவரிடம் “கூலிக்கோ பங்குக்கோ?” என்று கேட்டால் விளக்கம் தேவையில்லை. மீன் பட்டாலும் படாவிட்டாலும் வருவது கூலி, பட்டதைப் பொறுத்து வருவது பங்கு. அதனால் முதலாவதைச் ‘சண்டைக்கூலி’ என்றும் இரண்டாவதைப் ‘பார்வைப்பங்கு’ என்றும் எழுதலாம். நூறு மில்லியன் வாங்குகிறவரைக் கூலிக்காரர் ஆக்குவதா என்று ஐயா கோபிக்கக்கூடும். ஆக்கினால் என்ன? ‘ஊக்கத்தொகை’ என்று ஒருவர் சொன்னது மட்டும் வேண்டவே வேண்டாம். இது யாரும் மனம் வைத்துக் கொடுப்பதல்ல, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது.

எந்தத் தொகையில் பங்கு என்பதில்தான் சிக்கல். பார்ப்பவர் கட்டும் காசில் ஏறக்குறைய பாதியை வழமையாகக் கேபிள், செய்மதி நிறுவனங்கள் எடுத்துவிடும், மிகப் பெரிய சண்டை என்றால் அதைக் கொஞ்சம் குறைத்துப் பேசுவார்கள். மிச்சத்தில் ஏற்பாட்டுச் செலவு கழிந்து, புரமோட்டர், அதாவது காசு போட்டுச் சண்டையை நடத்துகிறவர், தன் பங்கை எடுத்து, அப்புறம்தான் சண்டைக்காரர். அவர் கைக்கு வந்த பிறகும் மனேஜருக்கு ஒரு பங்கு, பயிற்றுநருக்குப் பத்து வீதம் போல, பட்டத்துக்கான சண்டை என்றால் பட்டம் கொடுக்கும் சங்கத்துக்கு மூன்று வீதம் போல, பிறகு வரி. ஆகவே ‘பார்வைப்பங்கு 60 வீதம்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘கழிவுக்கு முன்’, ‘கழிவுக்குப் பின்’ என்று சேர்த்தே எழுதும், தம்பி. புரமோட்டர் தனக்கு என்ன வந்தது என்பதைச் சண்டைக்காரரிடம் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பெயரில் சட்டமே போட்டது இந்தக் கழிவுகளுக்குள் காசு மறைந்துவிடும் என்பதால்தான்.

தம்பி, சண்டையை நடத்தும் உரிமைக்காகப் புரமோட்டர்கள் போட்டி போட்டுத் தொகை கேட்கும் ‘பர்ஸ் பிட்’டுக்கு ஏலம் என்று போட்டிருந்தீர். ஏலம் ஆட்கள் முன்னால் கூவுவது, இது மூடிய உறையில் போடுவது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேள்விப்பத்திரம் (டெண்டர்) போடுவது மாதிரியே இருப்பதால் ‘சண்டைக்கேள்வி’ என்கிறேன். 2022இல் ஃபியூரி–வைட் குத்துச்சண்டையைப் புரமோட்டர் ஃபிராங்க் வாரன் 41 மில்லியன் டொலருக்குக் கேட்டு எடுத்தார். அதில் பத்து வீதத்தை வெல்பவருக்கென்று ஒதுக்கி, மிச்சத்தை 80க்கு 20 என்று பிரித்தார்கள். அந்தப் பத்து வீதத்துக்கு ஐயாவின் ‘பரிசுத்தொகை’யைத் தாராளமாகப் போடலாம்.

புரமோட்டருக்கு ‘ஏற்பாட்டாளர்’ என்பது சப்பென்று இருக்கிறது, முதல் போட்டு நட்டத்தையும் தாங்குகிற ஆளுக்குச் சம்மாட்டி (வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளி) என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் கடற்கரை தெரியாதவர்களுக்கு விளங்காது என்று யாராவது மறுப்பீர்கள். மறுப்பவர்கள் கையோடு வேறு சொல்லும் தாருங்கள், தம்பி ஞாயிறுக்குள் செய்தியைக் கொடுக்க வேண்டுமாம்.