அம்மாவின் நரம்பு வலியும் கஞ்சா மருந்தும்: நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா கூடாதா என்று பேச்சு எடுத்தாலே இரண்டே கட்சிதான். ஒரு பக்கம் "அது மூலிகை, ஒன்றும் செய்யாது", இன்னொரு பக்கம் "அது போதை, பேசவே வேண்டாம்". ராத்திரி மூன்று மணிக்கு வலி தாங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுவதில்லை. என் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு வருடம் முன்னால் விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவே இல்லை. அக்கிக் கிருமி நரம்பைக் கெடுத்துவிட்டதால் வரும் வலி இது. தோலில் காயம் எதுவும் தெரியாது, ஆனால் அந்த நரம்பு எரிகிறது எரிகிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். துணி பட்டால்கூடத் தாங்காது. உடுத்தியிருக்கும் துணியை இரண்டு விரலால் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் அம்மா வீட்டுக்குள் நடப்பார், அந்த இரண்டு விரலும் தூக்கத்தில்கூட மடங்கியே இருக்கும். காபாபென்டின் கொடுத்தார்கள், தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தார். அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள், வாய் காய்ந்து சாப்பிட முடியவில்லை.

நாங்கள் இருக்கும் இடத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் கஞ்சா மருந்து வாங்கலாம். வலி மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2017 அறிக்கையில், பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கு இது உதவுகிறது என்பதற்குக் கணிசமான சான்று இருக்கிறது என்றார்கள். 2021இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலிக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. இரண்டையும் அவரே சொல்லிவிட்டு, "மற்றதெல்லாம் பார்த்தாச்சு, குறைந்த அளவில் முயன்று பார்க்கலாம், உதவாவிட்டால் நிறுத்திவிடலாம்" என்றார். நம் உடம்பே கஞ்சாவின் வேலையைச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது, 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள் என்றும் விளக்கினார். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஆனந்தமெல்லாம் வேண்டாம் டாக்டர், தூக்கம் வந்தால் போதும்."

படுக்கும் முன் 2.5 மில்லிகிராம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) உள்ள எண்ணெய். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. 5 மில்லிகிராமுக்கு ஏற்றிய பிறகு ஒரு நாள் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினார். நான் இரண்டு முறை எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன், அவ்வளவு நாள் ஆகியிருந்தது அவர் அப்படித் தூங்கி.

அப்புறம் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வலி ரொம்ப அதிகம். ஒன்பது மணிக்கு மருந்து கொடுத்தேன், முக்கால் மணி நேரமாகியும் கேட்கவில்லை என்று அழுதார், இன்னொரு அளவு கொடுத்துவிட்டேன். பதினொன்றரைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு "நெஞ்சு படபடன்னு அடிக்குது, நான் இருக்கேனா" என்று கேட்டார். விடியும் வரை கையை விடவே இல்லை. விழுங்கும் மருந்து கல்லீரல் வழியாகப் போகும்போது இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது, முழுதாக ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஆறு எட்டு மணி நேரம் நிற்கும். இதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வலியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

★

அக்கா, அம்மா நன்றாக இருக்கட்டும். ஆனால் நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி பதினாறு வயதில் கஞ்சா புகைக்க ஆரம்பித்தான், பத்தொன்பதில் தினமும். இருபத்தொன்றில் டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று சொல்லி டிவி வயரைக் கத்தரித்தான். மனச்சிதைவு என்றார்கள். கஞ்சாவால் மட்டும் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் சின்ன வயதில், வீரியமானதை, தினமும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடும் என்பதைத் தெளிவாகவே சொன்னார். "செடிதானே, என்ன செய்யும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வயர்தான் ஞாபகம் வரும். வலிக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கடையில் வைத்து எல்லோருக்கும் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

★

நான் வலித்தணிப்புப் பிரிவில் நர்ஸ். பன்னிரண்டு வருடமாகப் புற்றுநோய் நோயாளிகளோடு இருக்கிறேன். ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்ஃபின்தான் முதல் மருந்து, கஞ்சா அதன் இடத்துக்கு வராது. கீமோ வாந்திக்கு, மற்ற மருந்து கேட்காதபோது, இது உதவுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாந்திக்காக டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்கா 1985லேயே அனுமதித்துவிட்டது, இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை.

மார்ஃபின் அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். கஞ்சா அப்படி மூச்சை நிறுத்துவதில்லை, காரணம் மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் அது போய் ஒட்டும் இடங்கள் மிகக் குறைவு. அதற்காக ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்கள் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு உடைவதும் ஆபத்துதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், சி.பி.டி. (கஞ்சாவில் இருக்கும், போதை தராத பொருள்) எண்ணெய் சேர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை குறைந்து ரத்தக்கசிவு வரலாம். எங்களிடம் ஒரு பெரியவர் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தார், மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த பாட்டிலை மூன்றாம் நாள்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். திட்டுவோம் என்று பயந்திருக்கிறார். யாரும் திட்ட மாட்டோம், தயவுசெய்து சொல்லுங்கள்.

★

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். கால் தசை மரக்கட்டை மாதிரி இறுகும். வாயில் அடிக்கும் ஸ்பிரே, டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும், பிரிட்டனில் 2010இல் அனுமதித்த மருந்துதான். வலி போகவில்லை, இறுக்கம் குறைந்தது. செருப்பை நானே மாட்டிக்கொள்கிறேன். வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

★

எல்லோருக்கும் நன்றி. தம்பியைப் பற்றி எழுதியவருக்கு: நீங்கள் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. என் மகனுக்குப் பதினைந்து வயது, மருந்து பாட்டிலைப் பூட்டித்தான் வைக்கிறேன்.

நான் சொல்ல வந்ததும் அதுதான், நோயாளிக்கு மருந்தாகக் கொடுப்பதும் எல்லோருக்கும் விற்பதும் வேறு வேறு முடிவுகள். கலிஃபோர்னியா 1996இல் நோயாளிகளுக்கு அனுமதித்தது, மற்றவர்களுக்கு 2016 வாக்கெடுப்பில்தான். கனடாவில் மருந்தாக 2001, எல்லோருக்கும் 2018. ஜெர்மனியில் 2017, 2024. நடுவில் எத்தனை வருடம் பாருங்கள். போதைப்பொருள் பற்றிய 1961 சர்வதேச ஒப்பந்தமே மருத்துவப் பயன்பாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமா என்று 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுத்தபோது 27க்கு 25 என்று நூலிழையில்தான் எடுத்தார்கள். எல்லோருக்கும் விற்கலாமா என்று இன்னும் இருபது வருடம் சண்டை போடட்டும், எனக்கு அவசரமில்லை. அந்தச் சண்டை முடியும் வரை நோயாளி காத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் என்னைப் போன்ற மகள் என்ன செய்வாள்? யாரிடமோ, என்ன அளவு என்றே தெரியாத ஒன்றை வாங்கி, தவறிப் போனால் டாக்டரிடம் சொல்லப் பயந்து உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு விடிந்ததும் நான் போன் போட்டு "இரண்டு தடவை கொடுத்துட்டேன் டாக்டர்" என்று சொல்ல முடிந்தது.

நர்ஸ் சகோதரிக்கு: அம்மாவுக்கு வார்ஃபரின் இல்லை. விழாமல் இருக்கக் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை கைப்பிடிக் கம்பி வைத்துவிட்டேன். வலி இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லாம் 9, 9, 8. இன்றைக்கு 6 போட்டு, பக்கத்தில் "ஐந்து மணி நேரம்" என்று எழுதியிருக்கிறார்.