தேய்ந்த துப்பாக்கிக்கு பேரல் (குழல்) மட்டும் மாற்றுவதா, துப்பாக்கியையே மாற்றுவதா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சித்திரை வெயில் (டெக்சாஸ்):

இதை எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. ரெமிங்டன் 700 ரைஃபிள், .308 கலிபர் (குண்டின் விட்ட அளவு), 26 அங்குல பேரல். 2011ல் வாங்கியது. நோட்டில் 6,200 ரவுண்டு வரை கணக்கு இருக்கிறது. முதல் ஒரு வருடம் எழுதவே இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கெஜத்தில் முக்கால் அங்குலத்துக்குள் நின்றுகொண்டிருந்த குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் பரவல்), போன கோடையிலிருந்து ஒன்றேகாலுக்கு வந்துவிட்டது. ஸ்கோப்பை மாற்றிப் பார்த்தேன். மவுண்ட் திருகுகளைப் பார்த்தேன். பேரலுக்குள் படிந்த செம்பு போகும்வரை தேய்த்தேன். கடைசியில் என்னைவிட நன்றாகச் சுடும் நண்பரிடம் கொடுத்தேன். அவருக்கும் அதே ஒன்றேகால். பழி என் மேல் இல்லை என்பதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

கன்ஸ்மித் (துப்பாக்கி வேலை பார்ப்பவர்) போர்ஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை பேரலுக்குள் விட்டார். திரையில் தெரிந்ததைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. சித்திரையில் தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரை இருக்குமே, பாளம் பாளமாக வெடித்து, அதேதான். தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால், குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தொடங்க வேண்டிய இடத்தில் வெறும் வெடிப்பு. "இவ்வளவு சுட்டால் இப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் திரையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுக் காபியைக் குடித்தார். அந்த மௌனத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பேரலும் சேம்பர் வேலையும் 850 டாலர். கழற்றுவதுதான் கழற்றுகிறோம், ஆக்ஷனையும் (போல்ட் ஓடும் நடுப்பகுதி) நேர் செய்தால் இன்னொரு 250. கட்டைக்குப் பதிலாகப் போடும் உலோகச் சட்டம், சேசிஸ், 500, ட்ரிகர் 200. ஆக 1,800. இந்தப் பணத்துக்கு 6.5 கிரீட்மூர் என்ற கலிபரில் புதிதாகவே ஒன்று வரும். நான் சுடுவது பெரும்பாலும் 600 கெஜம், வருடத்துக்கு இரண்டு தடவை 1,000. என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "பழசு சுடுமா, சுடாதா?" சுடும் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது, என் குழப்பம் முடியவில்லை.

ஐம்பது மீட்டர் (சென்னை):

விற்றுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

என்னுடையது .22, ப்ரோன், அதாவது படுத்துச் சுடுவது. சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய அன்ஷூட்ஸ் 1913 மாடல் ரைஃபிள். இலக்கின் நடுவிலுள்ள பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், அதில் ஒன்று உள்ளே இரண்டு வெளியே என்று போய்க்கொண்டிருந்தது. பேரல் செத்துப்போச்சு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினாரே, அதன் பிறகு எங்கள் ரேஞ்சில் 50 மீட்டர் லேனுக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், பழைய ரைஃபிளுக்கும் கிராக்கி. நல்ல விலை வந்தது. லைசென்ஸ் மாற்றும் அலைச்சல் எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு போட்டி. பக்கத்து லேனில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி. அவள் படுத்து, ஸ்டாக்கைத் தோளில் பொருத்தும்போது பார்க்கிறேன், முன்பக்கக் கட்டையில் ஒரு தழும்பு. என் ஸ்கூட்டரில் இடித்துப் பட்டது. சந்தேகமே இல்லை, அதேதான். மானிட்டரில் பத்து, பத்து, பத்து, ஒரு ஒன்பது, மறுபடி பத்து. நான் என் புதுத் துப்பாக்கியில் இன்னும் சைட்டர் (கணக்கில் சேராத சோதனைக் குண்டு) அடித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அவள் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன், பேரல் மாற்றினீர்களா என்று. "இல்லை சார், சேம்பரில் கரி வளையம் கட்டியிருந்தது, எடுத்தோம். ஆக்ஷன் திருகை டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்கினோம். அப்புறம் நாலைந்து லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டா போட்டுப் பார்த்து இதுக்குப் பிடிச்சதை வாங்கினோம்." நல்ல துப்பாக்கி கொடுத்தீர்கள் என்று நன்றி வேறு சொன்னார்.

கணக்குப்பிள்ளை (கால்கரி):

ஐம்பது மீட்டர் சார், கதை அருமை. ஆனால் அதை வைத்து இவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். உங்களுடையது .22. ஈயக் குண்டு, வெடிமருந்து ஒரு சிட்டிகை. அந்த பேரல் பல பத்தாயிரம் ரவுண்டு தாங்கும். .308ல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் 40 கிரெய்னுக்கு (சுமார் 2.6 கிராம்) மேல் மருந்து எரிகிறது. அந்த நெருப்பு போய் முட்டும் முதல் இடம் சேம்பருக்கு முன்னால் உள்ள தொண்டைதான். வெடிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டார். கரி வளையம், லாட் என்றெல்லாம் இழுத்தால் இன்னும் ஒரு வருடம் வீணாகும்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பழைய பேரல் போனதும் துப்பாக்கியோடு விற்றேன், வாங்கியவன் ஆக்ஷனுக்கு மட்டும்தான் விலை பேசினான். நான் பத்து வருடம் சுட்ட பேரலைத் தட்டிப் பார்த்து, "தக்காளிச் செடிக்குக் கம்பு ஊன்றலாம்" என்றான். விடுங்கள்.

சித்திரை வெயில், கேளுங்கள். பேரல் என்பது டயர். தேயும், மாற்றுவீர்கள், அதற்காக வண்டியை விற்பதில்லை. .308 பேரல் 5,000 ரவுண்டுக்கு மேல் வந்தாலே நல்ல உழைப்பு. 6.5 கிரீட்மூர் 2,500, மிஞ்சினால் 3,000 வரை நன்றாக இருக்கும். 6 மில்லிமீட்டருக்குப் போனால் 2,000க்குள் மூட்டை கட்டிவிடும். நீங்கள் சுடும் வேகத்தில் இன்றைக்குப் புது 6.5 வாங்கினால் ஆறேழு வருடத்தில் மறுபடி இதே இடத்தில் வந்து புலம்புவீர்கள். 6.5தான் வேண்டும் என்றாலும் துப்பாக்கியை மாற்றத் தேவையில்லை. .308க்கும் 6.5க்கும் போல்ட் முகம் (தோட்டாவின் அடியைப் பிடிக்கும் பகுதி) ஒன்று, ஆக்ஷன் நீளம் ஒன்று. பேரல் மட்டும் மாறும். 700 வடிவம் 1962லிருந்து இருக்கிறது, அதற்குக் கிடைக்கும் சேசிஸ், ட்ரிகர், பேரல் வகைகள் வேறு எந்த போல்ட் ரைஃபிளுக்கும் இவ்வளவு கிடையாது. நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டப்படி துப்பாக்கி என்பது ரிசீவர்தான் (ஆக்ஷனின் உடற்பகுதி), பேரல் சாதாரண பார்சலில் வீட்டுக்கே வரும். இந்த வசதி எங்கள் சென்னை நண்பருக்குக் கிடையாது.

முக்கியமான ஒன்று, 2011ல் வாங்கியது என்றீர்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை ரெமிங்டன் கம்பெனியே 2014ல் திரும்ப அழைத்தது. உங்களுடையது அதுதானா, சரிசெய்தாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆக்ஷனை நேர் செய்யும் 250 டாலரை, இதுவரை முக்கால் அங்குலம் தந்த ஆக்ஷனுக்குச் செலவழிக்காதீர்கள். சேசிஸ் போட்டால் துப்பாக்கி துல்லியமாகிவிடும் என்று நினைப்பது, செருப்பு மாற்றினால் கால்வலி போகும் என்பது மாதிரி. சிலருக்குப் போகும். 1,000 கெஜம் வருடத்துக்கு இரண்டு தடவைதான் என்றால் காற்றில் குண்டு விலகுவது குறையும் என்று 6.5க்கு ஓட வேண்டியதில்லை, அந்தப் பணத்தில் தோட்டா வாங்கிக் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று, புது பேரலை முதல் நாளே சூடேற்றாதீர்கள். இன்னும் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

பிஸ்லி மழை (லண்டன்):

நாளைக்கு எழுத வேண்டாம் அண்ணை, போதும்.

நான் லண்டனுக்கு வெளியே பிஸ்லி சுடுதளத்தில் சுடுகிறேன். அங்கே செஞ்சுரி ரேஞ்சில் 300, 600 கெஜம், மாதம் ஒருமுறை ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1,000. 7.62 டார்கெட் ரைஃபிள், ஒவ்வொரு ரவுண்டாகக் கையால் வைப்பது. என் குழலும் போய்விட்டது. இங்கே கலிபர் மாறினால் பொலிஸ் கொடுக்கும் சான்றிதழிலும் மாற்றம் எழுத வேண்டும். எழுதிவிடலாம், அது பெரிய விஷயமில்லை.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்த முறை அதிகாரி வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தார். அம்மா அப்போது என்னோடு இருக்கிறார், 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தே வெளியேறியவர். அவருக்கு நான் சொல்லியிருந்தது "விளையாட்டு" என்று மட்டும்தான். அதிகாரி அலமாரியைத் திறக்கச் சொன்னார். நான் துவக்கை எடுத்துக் கையில் கொடுக்கிறேன், அம்மா தேத்தண்ணியோடு கதவடியில். கப் விழவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. தட்டை மேசையில் வைத்து, சீனி போடட்டுமா என்று அவரைக் கேட்டார். அதிகாரி போனபிறகு என்னிடம், "உன்னட்டை எத்தனை துவக்கு இருக்கு?" என்றார். ஒன்றுதான் அம்மா என்றேன். "ஒன்றோடை நிப்பாட்டு" என்றார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

புதியது வாங்கினால் பழையதை விற்கும்வரை இரண்டு இருக்கும். அதனால் குழலைத்தான் மாற்றினேன், அதே கலிபரில். நீங்கள் எழுதுகிற ரவுண்டுக் கணக்கு, டாலர் கணக்கு எதுவும் என் முடிவில் இல்லை.

நாலாவது குண்டு (டாலஸ்):

கணக்குப்பிள்ளையின் டயர் உவமையில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் முடிவில் உண்டு. டயரை மாற்றினாலும் வண்டியை மாற்றினாலும் ஓட்டுகிற ஆள் சமாளித்துக்கொள்வான். துப்பாக்கி அப்படியில்லை, அது கை.

பத்து வருடம் 700. போல்ட்டை 90 டிகிரி தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கி, தூக்கத்தில்கூடச் செய்வேன். போன வருடம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மூன்று லக் (போல்ட்டைப் பூட்டும் பல்) ஆக்ஷன் வாங்கினேன், தூக்கு 60 டிகிரிதான். பேப்பரில் வேகம். 100 கெஜத்தில் அரை அங்குலம், வீட்டில் எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன். முதல் போட்டி. ஒரு ஸ்டேஜ், 90 வினாடி, பத்து குண்டு. மூன்று இரும்புத் தகடும் அடித்தாயிற்று. நாலாவதற்குப் போல்ட்டைத் தூக்குகிறேன், என் கை இன்னும் 30 டிகிரி மேலே போகப் பார்க்கிறது, ஸ்கோப்பின் கண்பக்கத்தில் கட்டைவிரல் முட்டியது. அந்த வலியில் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்கவில்லை. காலி கேஸ் வெளியே விழுந்தது, புதுத் தோட்டா ஏறவில்லை. குறிபார்த்து, மூச்சைப் பிடித்து, அழுத்தினால் டிக். அவ்வளவு அமைதியான இடத்தில் அந்த டிக் எல்லாருக்கும் கேட்டது. ரேஞ்ச் ஆபீசர் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

இப்போது பழகிவிட்டது. ஆனாலும் நாலாவது குண்டு வரும்போதெல்லாம் கட்டைவிரல் ஒரு நொடி தயங்குகிறது.

இடக்கை (கோவை):

எல்லாரும் மாற்றலாமா வேண்டாமா என்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. நான் இடதுகைக்காரி, கிடைத்ததெல்லாம் வலதுகை ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் இடது கையை மேலே கடத்தி அந்தப் பக்கம் போல்ட்டைத் திறக்க வேண்டும். கன்னம் ஸ்டாக்கை விட்டு எழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கோச் "பழகிடும்மா" என்பார். நல்ல ட்ரிகர், சீக்பீஸ் (கன்னம் வைக்கும் துண்டு), பட் பிளேட் (தோளில் பதியும் தகடு) எல்லாம் போட்டேன். இதற்கு அப்கிரேட் கிடையாது, ஆக்ஷன் வேறு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கேம்ப்பில் ஒரு அக்கா தன் இடதுகை ரைஃபிளை இருபது குண்டுக்குக் கொடுத்தார். இருபது குண்டும் கன்னத்தை எடுக்காமல் சுட்டேன். ஸ்கோரைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கன்னத்தில் கட்டையின் தடம் பதிந்திருந்தது, பஸ் ஏறும்வரை தடவிக்கொண்டே இருந்தேன். அந்த மாதிரி ஒன்று விற்பனைக்கு வருமா என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

இடக்கை தங்கச்சி, நீங்கள் நிச்சயம் மாற்றியே ஆக வேண்டும். நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. முதலில் உங்கள் மாநில சங்கத்தில்...

பிஸ்லி மழை:

அண்ணை.

சித்திரை வெயில்:

எல்லாருக்கும் நன்றி. ட்ரிகர் பார்த்துவிட்டேன், அந்த வேலை முன்பே முடிந்திருக்கிறது. .308லேயே புது பேரலுக்குப் போன வாரம் சொல்லிவிட்டேன். சேசிஸ் இல்லை, வேறு எதுவும் இல்லை. முன்பணம் 400 கட்டியாயிற்று, மூன்று மாதம் ஆகுமாம். கட்டியதும் நிம்மதியாக இருந்தது. ஐம்பது மீட்டர் சொன்னதும் மனதில் இருந்ததால் ஆக்ஷன் திருகையும் ஒருமுறை டார்க் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பழைய பேரலுக்கு வழியனுப்பு மாதிரி இருக்கட்டும் என்று மீதியிருந்த ஐந்து ரவுண்டை எடுத்துப் போனேன். காற்று இல்லை. அவசரம் இல்லாமல் சுட்டேன். போய்ப் பார்த்தால் 0.68 அங்குலம். போன கோடைக்குப் பிறகு இதுபோல் வந்ததில்லை. காரில் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்ஸ்மித்துக்குப் போன் செய்தேன், முன்பணம் திரும்பாது என்றார்.

கணக்குப்பிள்ளை:

ஐந்து குண்டெல்லாம் ஒரு கணக்கா? இருபது சுட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

சித்திரை வெயில்:

தோட்டா வாங்கக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.