மறுமொழி: எஃபிஷியன்சிக்குச் ‘செயல்திறன்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் தொகுப்பில் எஃபிஷியன்சிக்கு, அதாவது போட்டதில் எவ்வளவு பயனாக வந்தது என்பதற்கு, எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி சொல்கிறேன்.

> செயல்திறன் ஏற்கெனவே பரவிவிட்ட சொல். பெர்ஃபார்மன்ஸ், எஃபிஷியன்சி இரண்டுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன? இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

செய்திக்கும் விளம்பரத்துக்கும் அது போதும். கையேடோ பாடநூலோ எழுதுகிறவருக்குப் போதாது. அங்கே இரண்டும் ஒரே பக்கத்தில் வரும், சில சமயம் ஒரே சமன்பாட்டிலேயே வரும்.

வெப்ப எக்கியை (ஹீட் பம்ப்) எடுத்துக்கொள்வோம். 1 அலகு மின்சாரம் வாங்கிக்கொண்டு 3 அலகு வெப்பத்தை அறைக்குள் கொடுக்கும். வெளியிலுள்ள வெப்பத்தை அள்ளி உள்ளே தள்ளுவதால் ஆற்றல் அழியாமை விதிக்கு இதில் பங்கம் இல்லை. இந்த 3 என்ற எண்ணைச் செயல்திறன் குணகம் என்கிறோம். வெப்பத்தை வேலையாக மாற்றுகிற வெப்ப இயந்திரத்தின் எஃபிஷியன்சியோ 100 சதவீதத்தை எட்டவே முடியாது. 1824-லேயே பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ எல்லைக்கோடு போட்டுவிட்டார்: 600 கெல்வினில் வெப்பத்தை வாங்கி 300 கெல்வினில் விடுகிற இயந்திரத்துக்கு உச்சபட்சம் 50 சதவீதம்தான். இரண்டையும் செயல்திறன் என்று எழுதிவிட்டு, ஒன்று 3 ஆகலாம், மற்றொன்று 1-ஐத் தொடவே தொடாது என்று மாணவருக்கு எப்படிச் சொல்வது?

தொழிற்சாலையில் இன்னும் வேடிக்கை. எந்திரம் எவ்வளவு உருப்படியாக ஓடுகிறது என்று பார்க்க மூன்று எண்களைப் பெருக்குவார்கள்: ஓடவேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடியபோது எந்த வேகத்தில் ஓடியது, வந்த பொருளில் எவ்வளவு தேறியது. 0.90 × 0.95 × 0.999 என்றால் ஏறக்குறைய 85 சதவீதம். நடுவிலுள்ள எண்ணுக்கு ஆங்கிலத்தில் பெர்ஃபார்மன்ஸ் என்று பெயர். விடைக்கு எஃபெக்டிவ்னஸ் என்று பெயர். ‘செயல்திறன் = கிடைப்பு × செயல்திறன் × தரம்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் படிக்கிறவர் என்ன செய்வார், பாவம்.

> அதற்குத்தான் பாடநூலில் ‘பயனுறுதிறன்’ இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் என்பதும் திறன்தான். ‘500 வாட் திறனுள்ள மோட்டாரின் பயனுறுதிறன் 80 சதவீதம்’ என்ற வாக்கியத்தை முதல்முறை படிக்கிறவருக்கு, பயனுறுதிறன் என்றால் பயன்படுகிற திறன், அதாவது 400 வாட், என்று எடுத்துக்கொள்ள முழு உரிமை உண்டு. சொல் அப்படித்தான் சொல்கிறது! இலங்கையில் பவருக்கு வலு என்கிறார்கள், அதனால் இந்த மோதல் அங்கே இல்லை. அவர்களுடைய வினைத்திறன் (எஃபிஷியன்சி), விளைதிறன் (எஃபெக்டிவ்னஸ், அதாவது நினைத்த பலன் எவ்வளவு கிடைத்தது என்பது) இணையும் அழகானது. விளைதிறனை நாம் அப்படியே வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வினைத்திறன் மட்டும் இங்கே செயல்திறனின் மறுபெயராகவே காதில் விழும். வினை, செயல் இரண்டும் ஒன்றுதானே.

என் யோசனை, இந்த இடத்தில் ‘திறன்’ என்ற சொல்லையே விட்டுவிடுவது. போட்டதில் எவ்வளவு பயனாக வந்தது என்ற விகிதத்தைச் சொல்கிறோம், ஆகவே பயன்விகிதம். ‘பயன்வீதம்’ வேண்டாம். வீதம் என்றதும் மணிக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று மனம் போகும். இது அலகில்லாத எண்.

கல்வியில் இது எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். படிப்பின் உள் எஃபிஷியன்சி என்று ஒரு கணக்கு உண்டு. நான்காண்டுப் படிப்பில் 100 பேர் சேர்கிறார்கள். 80 பேர் நான்கே ஆண்டில் முடிக்கிறார்கள், 10 பேர் ஓராண்டு தங்கி ஐந்தில் முடிக்கிறார்கள், 10 பேர் இரண்டாண்டுக்குப் பின் நின்றுவிடுகிறார்கள். செலவான மாணவர்-ஆண்டுகள் 320 + 50 + 20, மொத்தம் 390. முடித்த 90 பேருக்கும் உண்மையில் தேவைப்பட்டவை 360. பயன்விகிதம் 92 சதவீதம். சொல் இயல்பாகப் பொருந்துகிறது. முடித்தவர்கள் என்ன கற்றார்கள் என்று இந்த எண் சொல்லாது. அதற்கு விளைதிறன் இருக்கிறது. எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி போட்டாலும் பயன்விகிதம் ஏறத்தான் செய்யும்.

> பெயர்ச்சொல் சரி. ‘எஃபிஷியன்ட்டாக வேலை செய்’ என்பதற்கு? ‘பயன்விகிதமாக வேலை செய்’ என்றா?

நியாயமான கேள்வி. பெயருக்கும் அடைக்கும் (‘-ஆன’, ‘-ஆக’ என்று முடிகிற சொல்லுக்கும்) ஒரே வேர் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. எண்ணுக்கு ஒரு சொல், பண்புக்கு இன்னொரு சொல் வைத்துக்கொள்ளலாம். பிரித்து வைப்பதுதான் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. காரணம் இதுதான்:

ஓர் அலுவலகத்தில் ஒரு பில் உள்ளே வந்து ஒப்புதலாகி வெளியே போக 40 வேலைமணி ஆகிறது. அதில் யாரோ ஒருவர் கையில் வைத்து உண்மையில் பார்த்தது அரை மணி. மீதி நேரம் மேசையிலும் மின்னஞ்சல் பெட்டியிலும் கிடந்தது. பயன்விகிதம் 1.25 சதவீதம். இப்போது ஊழியரை விரட்டி, அரை மணி வேலையைக் கால் மணியில் முடிக்கவைத்தால் மொத்தம் 39 மணி 45 நிமிடம். வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள், பயன்விகிதம் 0.63 சதவீதமாக இறங்கியிருக்கும். வேலை வேகமானது, எண் பாதியானது. காத்திருப்பைக் குறைத்து, மொத்தத்தை 40-லிருந்து 8 மணிக்குக் கொண்டுவருவதுதான் உருப்படியான வழி. எண்ணும் பண்பும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை.

பண்புக்கு நான் முன்வைப்பது செட்டு. செட்டான, செட்டாக என்று இரண்டு அடைகளும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்றால் செலவும் கட்டுக்குள், காரியமும் குறையவில்லை என்று பொருள். சிக்கனம் செலவை மட்டும் பார்க்கும். எண்ணெய் போடாமல் எந்திரத்தை ஓட்டுவதும் சிக்கனம்தான், செட்டு ஆகாது. அகராதியில் செட்டுக்கு வணிகம் என்ற பொருளும் உண்டு, தொழில் நிர்வாகத்துக்கு அது இடைஞ்சல் இல்லை.

குறை எனக்கும் தெரிகிறது. ‘ஒரு செட்டு’ என்று தொகுதியைச் சொல்லும் கடன்சொல் குறுக்கே வரும், ‘மூன்று செட்டு எந்திரங்கள்’ என்பதுபோல. ஆனால் -ஆன, -ஆக வடிவங்களில் அந்தக் குழப்பம் வர வாய்ப்பில்லை. தனிப்பெயராக வேண்டுமென்றால் செட்டுமை என்று நீட்டலாம். காதுக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும்.

தொகுப்பில் ஏற்றுமுன் இந்த நான்கு வாக்கியங்களில் உங்கள் சொற்களையும் போட்டுப் பாருங்கள்:

‘இந்த மோட்டாரின் பயன்விகிதம் 80 சதவீதம்.’
‘நிரலின் செயல்திறன் நன்று, ஆனால் நினைவகத்தைச் செட்டாகப் பயன்படுத்தவில்லை.’
‘பயிற்சி செட்டாக நடந்தது, விளைதிறன் குறைவு.’
‘ஆற்றலைச் செட்டாகச் செலவிடும் விளக்கு.’

நான்காவதற்கு நான்கு எழுத்துக்குள் அடங்குகிற அடை யாருக்காவது கிடைத்தால் உடனே எழுதுங்கள். பெட்டியின் மேல் அச்சிடுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.