“முதலில் ஸ்கிராட்ச், பிறகு பிரைவேட்” என்பது எந்நிலைக்கும் பொருந்துமா?

இரவுக்காவல்:
டேப் லைப்ரரியின் (பேக்கப் டேப்புகளை அடுக்கிவைத்து ட்ரைவில் தானாக ஏற்றும் இயந்திரத்தின்) இருப்புப் பட்டியல் காலியாகிவிட்டதென்று கலங்கிக் கேட்ட ஒரு புதியவருக்கு, நண்பர் எட்டாம்தலைமுறை நேற்று அளித்த அறிவுரையைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. டிஎஸ்எம் (டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர்) என்ற பேக்கப் மென்பொருளின் சர்வரில், டேப்புகளைப் பட்டியலில் சேர்க்கும் ‘செக்கின் லிப்வால்யூம்’ கட்டளையை முதலில் ‘ஸ்டேட்டஸ்=ஸ்கிராட்ச்’ (வெற்று டேப், புதிதாக எழுதலாம்) என்று ஓட்ட வேண்டும், முடிந்ததும் அதையே ‘ஸ்டேட்டஸ்=பிரைவேட்’ (வெற்று டேப்பாக எடுக்கக் கூடாது) என்று ஓட்ட வேண்டும், எந்நிலையிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று அவர் எழுதியிருந்தார். அந்த வரிசையை நானும் பல ஆண்டுகள் பின்பற்றியவன்தான். ஆனால் “எந்நிலையிலும்” என்ற சொல்லையும் “கண்ணை மூடிக்கொண்டு” என்ற சொல்லையும் ஒரே வரியில் எழுதுகிறவர், எந்த டேப்பில் எந்தத் தரவு என்பதைக் குறித்துவைக்கும் சர்வரின் தரவுத்தளத்தைப் பழைய நாளுக்குத் திருப்பிய பின் அதே கட்டளையை ஓட்டினால் என்ன ஆகும் என்று ஒரு முறையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு டேப்பில் தரவு இருக்கிறதா இல்லையா என்பதை லைப்ரரி அறியாது, ட்ரைவும் சொல்லாது. சர்வர் தன் நினைவில் உள்ளதை வைத்துத்தான் சொல்கிறது. அந்த நினைவே ஒரு நாள் பின்தங்கியிருந்தால், நேற்றிரவு எழுதிய டேப்பும் அதற்கு வெற்று டேப்தான்.

எட்டாம்தலைமுறை:
என்னை ஓர் இழையில் மறுக்க இயலாமல் தனி இழை தொடங்கியிருக்கும் நண்பருக்கு நன்றி. தரவு சேமிக்கும் டேப்புகளின் குழுவான சேமிப்புத் தொகுப்பில் இடம்பெற்ற டேப்பையோ, எந்த டேப் எதற்குப் பயன்பட்டது என்ற பதிவேடான வால்யூம் ஹிஸ்டரியில் பதிவான டேப்பையோ ஸ்கிராட்ச் என்று செக்-இன் செய்ய முயன்றால், சர்வர் ‘ஏஎன்ஆர்8443இ’ என்ற செய்தியைக் காட்டி அதை மறுத்துவிடும். மறுக்கப்பட்டவை இரண்டாம் சுற்றில் பிரைவேட் என்று உள்ளே வரும். இந்த வரிசை எதற்காக என்றால் இதற்காகத்தான். இதை மாற்றி முதலில் பிரைவேட் என்று ஓட்டினால், வெற்று டேப்புகள் உட்பட எல்லாமே பிரைவேட் ஆகிவிடும். இரவு 2 மணிக்கு ஸ்கிராட்ச் டேப் ஒன்றுகூட இல்லையென்று பேக்கப் நின்றுபோகும். அப்படி நின்றுபோன ஓர் இடத்துக்கு விடியற்காலையில் அழைக்கப்பட்டுச் சென்றவன் நான். நாற்பது டேப்புகள் வெறுமையாக உள்ளே அமர்ந்திருக்க, சர்வர் டேப் இல்லையென்று அழுதுகொண்டிருந்தது. முதலில் ஸ்கிராட்ச், பிறகு பிரைவேட். இதில் விவாதிக்க எதுவுமில்லை.

இரவுக்காவல்:
விவாதிக்க இருப்பதை என் சொந்த இழப்பிலிருந்தே சொல்கிறேன். நான் முன்பு பணிபுரிந்த ஓர் இடத்தில் நாள்தோறும் காலை 8 மணிக்குத் தரவுத்தளத்தின் முழு பேக்கப் டேப்பில் எழுதப்படும். அன்றைய டேப் வெளியிலுள்ள பெட்டகத்துக்குப் போகும். முந்தைய நாள் டேப் திரும்பி வரும். ஒரு புதன்கிழமை நண்பகலில், தரவுத்தளத்தையும், அதன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஆக்டிவ் லாக்கையும் ஆர்கைவ் லாக்கையும் சேர்த்து வைத்திருந்த ஒரே டிஸ்க் பெட்டி செயலிழந்தது. மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்தவர் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். புதன்கிழமை டேப் வண்டியில் போய்விட்டது, கையில் இருந்தது செவ்வாய்க்கிழமை டேப். மேலிடத்தார் பொறுக்கவில்லை. செவ்வாய் காலைக்குத் தரவுத்தளத்தைத் திருப்பினோம். புதிய கணினியில் லைப்ரரியை மீண்டும் வரையறுத்ததால் இருப்புப் பட்டியல் வெறுமையாக இருந்தது. அப்போது நான் இந்தப் புகழ்பெற்ற வரிசைப்படி, முதலில் ஸ்கிராட்ச் என்று ஓட்டினேன்.

செவ்வாய் இரவில் எழுதப்பட்ட ஒன்பது டேப்புகளையும் சர்வர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஸ்கிராட்ச் என்று ஏற்றுக்கொண்டது. நண்பர் சொல்லும் ‘ஏஎன்ஆர்8443இ’ ஒரு டேப்புக்குக்கூட வரவில்லை. ஏனென்றால் செவ்வாய் காலைத் தரவுத்தளத்துக்கு அந்த ஒன்பதைப் பற்றி எதுவும் தெரியாது. அன்றிரவே மூன்று டேப்புகளின் மீது புதிய பேக்கப் எழுதப்பட்டுவிட்டது. மறுநாள் பெட்டகத்திலிருந்து புதன்கிழமை தரவுத்தள டேப் வந்து சேர்ந்தது. அதைத் திருப்பியிருந்தால் ஒன்பதும் மீண்டிருக்கும். ஆனால் அந்த மூன்றும் போனது போனதுதான். எல்டிஓ வகை டேப்பின் தொடக்கத்தில் சிறிதளவு எழுதினாலும், அதற்கு அப்பால் இருக்கும் பழைய தரவைச் சாதாரண ட்ரைவ் படித்துத் தராது.

எட்டாம்தலைமுறை:
கதை உருக்கமாக இருக்கிறது. ஆனால் குற்றவாளி மாறிவிட்டார். முதலாவதாக, 2009-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து இந்த சர்வர் டிபி2 என்ற தரவுத்தள மென்பொருளின் மேல் இயங்குகிறது. லாக்குகள் உயிரோடிருந்தால் கடைசி நொடி வரை தரவுத்தளத்தை மீட்கலாம். லாக்கை ஒழுங்காக வைக்காதது செக்-இன் வரிசையின் குற்றமா? இரண்டாவதாக, செவ்வாய் காலைத் தரவுத்தளத்தின் சொந்தப் பட்டியலிலேயே அந்த ஒன்பதும் ஸ்கிராட்ச் என்றுதான் இருந்திருக்கும். லைப்ரரியை மீண்டும் வரையறுக்காமல் அப்படியே ஓட்டியிருந்தாலும் அதே மூன்று டேப்புகளின் மீது எழுதப்பட்டிருக்கும். ஆக, வரிசை எதையும் கெடுக்கவில்லை. மூன்றாவதாக, இதற்கென்றே, காலியான டேப்பை மீண்டும் பயன்படுத்துமுன் சில நாள் நிறுத்திவைக்கும் ‘ரீயூஸ்டிலே’ என்ற அமைப்பு உண்டு. தரவுத்தள பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்கிறோமோ அத்தனை நாளை அதில் கொடுக்க வேண்டும். தாங்கள் கொடுத்திருந்தீர்களா?

கட்டளைவரி:
இருவருக்கும் நடுவில் ஒரு சிறு குறிப்பு. ஒவ்வொரு டேப்பாக நிலையை மாற்றுவது பெரும்பாடு என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. செக்-இன் கட்டளையில் ‘வால்லிஸ்ட்’ என்று ஒரு கோப்பைக் கொடுத்தால், அதில் எழுதியுள்ள டேப்புகளை மட்டும் உள்ளே எடுக்கும். நான் சர்வருக்குக் கட்டளை அனுப்பும் ‘டிஎஸ்எம்ஏடிஎம்சி’ நிரலை, தலைப்பு வரிகளை நீக்கும் ‘டேட்டாஒன்லி=எஸ்’ என்ற தெரிவுடன் ஓட்டி, வெளிவரும் பட்டியலை ஆக் (awk) என்ற உரை வடிகட்டும் கட்டளையில் வடித்து, அந்தக் கோப்பை ஒரே நிமிடத்தில் உருவாக்கிவிடுவேன். டேப்புகளை லைப்ரரிக்குள் செலுத்தும் ஐஓ வாயிலிலிருந்து ‘சர்ச்=பல்க்’ என்று எடுப்பவர்கள் ‘வெயிட்டைம்=0’ சேர்க்க மறந்தால், சர்வர் ‘ரிப்ளை’ கட்டளைக்காக 60 நிமிடம் காத்துக்கிடக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சென்ற மாதம் என் ஸ்கிரிப்டைப் பயனற்றது என்று ஏளனம் செய்த ஒருவர், இதே காரணத்தால்தான் ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சன்னல்பிரியன்:
இந்தக் காலத்திலும் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்களே என்று வியப்பாக இருக்கிறது. உலாவியில் இயங்கும் ஆபரேஷன்ஸ் சென்டர் எதற்கு இருக்கிறது?

கட்டளைவரி:
அந்த ஆபரேஷன்ஸ் சென்டருக்குள்ளும் கமாண்ட் பில்டர் என்று ஒரு பக்கம் உண்டு. அதற்குள் போய்த் தாங்கள் தட்டச்சு செய்வதும் இதே கட்டளைதான். திரையின் நிறம் மட்டும் வெளுப்பு.

இரவுக்காவல்:
வண்ணச் சண்டையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரீயூஸ்டிலே பற்றி நண்பர் கேட்டதற்கு வருகிறேன். கொடுத்திருந்தேன், 5 நாள் கொடுத்திருந்தேன். ஆனால் அது காப்பது எதை? டேப்புகளை மிச்சப்படுத்தும் ரிக்ளமேஷன் வேலை ஓடி, ஒரு பழைய டேப்பில் எஞ்சியிருந்த தரவு புதிய டேப்புக்கு நகர்ந்து, பழைய டேப் காலியாகிறது. ரீயூஸ்டிலே 0 என்றால், இயல்பாக அமைந்திருப்பதும் அதுதான், அந்தப் பழைய டேப் உடனே ஸ்கிராட்சுக்குத் திரும்பி வேறு தரவால் நிரம்பிவிடும். 5 என்று கொடுத்தால் ஐந்து நாள் ‘பெண்டிங்’ நிலையில் நிற்கும். அதற்குள் தரவுத்தளத்தைத் திருப்பினால், அது நினைவில் வைத்திருக்கும் தரவு பழைய டேப்பில் அப்படியே இருக்கும். நன்று. ஆனால் இது முழுக்கப் பழைய டேப்பின் பாதுகாப்பு. செவ்வாய் இரவு எழுதப்பட்ட புதிய டேப்பை ரீயூஸ்டிலே 5 என்றாலும் 50 என்றாலும் காக்காது. அந்த டேப்பின் பெயரே தரவுத்தளத்தில் இல்லாதபோது எதைத் தாமதப்படுத்துவது?

இதைவிடக் கொடிய ஒன்றும் உண்டு. பின்னாளில் எடுத்த தரவுத்தள பேக்கப் டேப்பே லைப்ரரிக்குள் இருந்தால், திருப்பப்பட்ட சர்வருக்கு அதுவும் வெற்று டேப்தான். முதலில் ஸ்கிராட்ச் என்று ஓட்டுகிறவர் தன்னைக் காப்பாற்ற இருந்த டேப்பையே எழுதுபலகையாக்கிவிடுவார். வால்யூம் ஹிஸ்டரிக் கோப்பு வெளியே தனியாக இருக்கிறதே என்று யாரேனும் சொல்லக்கூடும். சர்வர் எழுந்ததும் தன் பழைய நினைவை வைத்து அந்தக் கோப்பைப் புதுப்பித்துவிடும். அதனால்தான் மீட்புக்கு முன்பே அதன் நகலை வேறிடத்தில் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அந்த நகலில் உள்ள எல்லா டேப்புகளையும் முதலில் பிரைவேட் என்று உள்ளே எடுத்து, பெயர் வராதவற்றை மட்டும் ஸ்கிராட்ச் ஆக்குவதுதான் பொறுப்பான வழி. கட்டளைவரி சொன்ன வால்லிஸ்ட் இதற்குத்தான் பயன்படும். தன் ஸ்கிரிப்டைப் புகழ்ந்துகொள்ளும் அவசரத்தில் அதை எதற்காகச் சொல்ல வந்தார் என்பதை அவரே மறந்துவிட்டார்.

கட்டளைவரி:
மறக்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.

மூத்தஇயக்குநர்:
1993-இல் இந்த மென்பொருள் ஏடிஎஸ்எம் என்ற பெயரில் வந்தபோதே இதில் கைவைத்தவன் நான். 1999-இல் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர், 2015-இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்று பெயர்தான் மாறியது, இந்தச் சண்டை மாறவில்லை. எங்கள் காலத்தில் ஐயம் வந்தால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, எழுதத்தடைப் பொத்தானை விரலால் நகர்த்திவிடுவோம். அதன் பிறகு சர்வர் ஸ்கிராட்ச் என்று நினைத்தாலும் பிரைவேட் என்று நினைத்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. இன்றுள்ளவர்கள் டேப்பைக் கையால் தொடவே தயங்குகிறார்கள்.

எட்டாம்தலைமுறை:
பெரியவர் 200 கார்ட்ரிட்ஜுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விரலால் நகர்த்திக்கொண்டிருக்கட்டும், அதுவரை வங்கியைப் பூட்டிவைத்துவிடலாம். இரவுக்காவல் இவ்வளவு நீளமாக எழுதியதன் சாரம் அவருடைய லாக் டிஸ்க் செத்துப்போயிற்று என்பதுதான். நான் அறிவுரை சொன்ன புதியவர் தரவுத்தளத்தைத் திருப்பவில்லை. அவர் லைப்ரரிக் கதவைத் திறந்து வைத்த நிலையில் பட்டியலை லைப்ரரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ‘ஆடிட் லைப்ரரி’ ஓட்டியதால் டேப்புகள் பட்டியலிலிருந்து நீங்கின. ஆடிட் தானாகப் புதிய டேப்பைச் சேர்க்காது என்பதால் செக்-இன் தேவைப்பட்டது. தரவுத்தளம் முழு நினைவோடு இருக்கும் அந்த நிலைக்கு முதலில் ஸ்கிராட்ச் என்பதே சரி. அப்படியும் அச்சம் இருந்தால் ‘செக்லேபல்=பார்கோடு’ என்பதற்குப் பதில் ‘செக்லேபல்=எஸ்’ என்று கொடுத்தால், ஒவ்வொரு டேப்பையும் ட்ரைவில் ஏற்றிப் படித்தே உள்ளே எடுக்கும்.

இரவுக்காவல்:
படிப்பது லேபலை மட்டும். அந்த லேபலில் டேப்பின் பெயர் இருக்கும், அதற்குப் பின்னால் 12 டெராபைட் தரவு இருக்கிறதா வெறுமையா என்பது இருக்காது. பார்கோடு சொன்ன அதே ஆறெழுத்தை ட்ரைவ் மீண்டும் ஒருமுறை சொல்வதற்காக, 200 டேப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி அரை நாளைச் செலவிடச் சொல்கிறார் நண்பர். பெரியவரின் விரலைக் கேலி செய்தவர் இவர்தான் என்பதை வாசகர்கள் கவனிக்கட்டும்.

மேலும், புதியவர் தரவுத்தளத்தைத் திருப்பவில்லை என்பது இன்று காலை அவர் விளக்கம் கொடுத்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நேற்று நண்பர் “எந்நிலையிலும்” என்று எழுதியபோது அவருக்கும் தெரியாது. இன்னொன்றும் அவர் கேட்கவில்லை. அந்த லைப்ரரியை வேறொரு சர்வரும் பயன்படுத்துகிறதா? பகிர்வை நிர்வகிக்கும் சர்வரான லைப்ரரி மேனேஜரின் கீழ் முறையாகப் பகிர்ந்திருந்தால், மற்ற சர்வரின் டேப்புகள் வால்யூம் ஹிஸ்டரியில் ‘ரிமோட்’ என்று பதிவாகியிருக்கும், ஸ்கிராட்ச் ஆக விடாது. அப்படி இல்லாமல், பழைய சர்வரின் டேப்புகளைப் புதிய சர்வரின் லைப்ரரிக்குள் யாரோ அடுக்கி வைத்திருந்தால்? அந்த சர்வருக்கு அவை யாவும் அநாதை டேப்புகள், கண்ணை மூடியவர் கையில் யாவும் ஸ்கிராட்ச்.

எட்டாம்தலைமுறை:
இப்போது இரண்டாவது சர்வர் வந்துவிட்டது. நாளை மூன்றாவது வரும். பேயை வரவழைத்து ஓட்டுகிறவரோடு பேசிப் பயனில்லை. ஒன்பது டேப்புகள் தரவுத்தளத்தின் பட்டியலிலேயே ஸ்கிராட்ச் என்று இருந்திருக்கும் என்றேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இரவுக்காவல்:
பட்டியல் வெறுமையாக இருந்தது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். வெறுமையான பட்டியலை எந்தச் சொல்லால் நிரப்புவது என்பது என் கையில் இருந்தது, நான் தங்கள் சொல்லால் நிரப்பினேன்.

சன்னல்பிரியன்:
புதியவர் மீண்டும் எழுதியிருக்கிறார். ஸ்கிராட்ச் சுற்று ஓடி முடிந்துவிட்டதாம், பதினான்கு டேப்புகள் மறுக்கப்பட்டனவாம், அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்.

எட்டாம்தலைமுறை:
பதினான்கு மறுக்கப்பட்டன அல்லவா? அடுத்து பிரைவேட். நான் சொன்னபடியே.

இரவுக்காவல்:
மறுக்கப்பட்டவை பதினான்கு. ஏற்கப்பட்டவை எத்தனை என்று அவரிடம் கேளுங்கள்.