ஆறடி எகோ சால்வென்ட் மெஷின்: மெஜந்தா பாதியில் நிற்கிறது, எல்லோவில் 14 நாசில் இல்லை. ஹெட் போய்விட்டதா?

வினைல்பித்தன் (ராயப்பேட்டை):

வணக்கம். வினைலில் பிரிண்ட் போடும் ஆறடி எகோ சால்வென்ட் மெஷின், சைனா பாடி, இங்க்கைத் துளித் துளியாக விடும் டிஎக்ஸ்5 ஹெட் ஒன்று, நாலு கலர், பல்க் பாட்டில். மெஷினுக்கு வயது ஒன்பது. ஹெட் மாற்றி நாலு வருஷம். டேம்பரை (ஹெட்டுக்கு இங்க்கை வடிகட்டிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கடையில் யாருக்கும் நினைவில்லை. இப்போது மூன்று தொல்லை.

காலையில் நாசில் செக் (ஹெட்டின் நுண்துளைகளான நாசில் எல்லாம் இங்க் விடுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) போட்டால் மெஜந்தா முழுசாக வருகிறது. ஆனால் சாலிட் சிவப்பு, அதாவது இடைவெளியில்லாமல் நிரப்பிய சிவப்பு, ஓட்டினால் ஒரு மீட்டர் தாண்டியதும் மெலிய ஆரம்பித்து, ஒன்றரை மீட்டரில் சிவப்பு மஞ்சளாகிவிடுகிறது. பத்து நிமிஷம் சும்மா விட்டால் கிளீனிங் போடாமலே திரும்ப வருகிறது.

எல்லோவில் 14 நாசில் எப்போதும் இல்லை. எத்தனை கிளீனிங் போட்டாலும் அதே 14, அதே இடம்.

மூன்றாவது, ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரேஜ் சில சமயம் இடது கோடியில் போய் 'டங்'கென்று முட்டி நிற்கிறது. முட்டாத நாளில்கூட எழுத்தின் செங்குத்துக் கோடு ஓரிடத்தில் இரட்டையாகத் தெரிகிறது.

பார்க்க வந்த மெக்கானிக் பத்தே நிமிஷத்தில் "ஹெட் போயிடுச்சு, புதுசு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெட்டில் கை வைக்கும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

சிரிஞ்சும்_ஸ்பேனரும்:

ஹெட் வாங்காதீங்க, இப்போதைக்கு. நீங்க சொன்னதிலேயே பாதி விடை இருக்கு.

பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தா தானாத் திரும்புற நாசில் அடைச்ச நாசில் இல்லை. அது பசியில கிடக்குது. ஹெட் கேட்கிற வேகத்துக்கு இங்க் வந்து சேரல; நிறுத்தினதும் மெதுவா ஊறி நிரம்பிடுது. அதனாலதான் நாசில் செக் நல்லா வரும், சாலிட்ல மாட்டிக்கும். நாசில் செக்குக்கு ஆகிற இங்க் ஒண்ணுமே இல்லை. ஒரு மீட்டர் சாலிடுக்குக் கேட்கிறது வேற கணக்கு. இன்னொரு அடையாளமும் உண்டு. டிஎக்ஸ்5-ல மொத்தம் 8 வரிசை, வரிசைக்கு 180 நாசில். நாலு கலர்னா ஒரு கலருக்கு ரெண்டு வரிசை. மெஜந்தா மெலியும்போது பிரிண்டை நிறுத்திட்டு உடனே நாசில் செக் போடுங்க. ரெண்டு வரிசையும் சேர்ந்து போயிருந்தா கோளாறு ஹெட்டுக்கு முன்னாடி, சப்ளையில.

சப்ளையைப் பாட்டில்ல ஆரம்பிச்சு ஹெட்டை நோக்கிப் பாருங்க, தலைகீழா வேண்டாம்.

முதல்ல மெஜந்தா பாட்டில் மூடியைத் தளர்த்தி வச்சிட்டு ஒன்றரை மீட்டர் சிவப்பு ஓட்டுங்க. மூடியில காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். காய்ஞ்ச இங்க்கோ தூசிக்கு ஒட்டின டேப்போ அதை அடைச்சிருந்தா, உள்ளே வெற்றிடம் உண்டாகி இங்க் இறங்காது. மூடி திறந்ததும் சரியானா செலவு ஒரு குண்டூசிதான்.

சரியாகலைன்னா டியூப். ராத்திரி மெஷினை நிறுத்தும்போது, டேம்பருக்குப் பக்கத்துல மெஜந்தா டியூப்ல இங்க் நிற்கிற இடத்தை ஸ்கெட்ச் பேனாவால குறிங்க. காலையில நாலு விரல்கடை பின்வாங்கியிருந்தா எங்கேயோ காத்து நுழையுது. முதல் சந்தேகம் டேம்பர் நட்டுக்குள்ள இருக்கிற ஓ-ரிங். அடுத்தது கேபிள் செயின், அதாவது டியூபையும் கேபிளையும் கேரேஜோட சேர்த்துக் கொண்டுபோற சங்கிலி. ஒன்பது வருஷ டியூப் சால்வென்ட்ல ஊறி விறைச்சிருக்கும். செயின் வளையுற இடத்துல ஒடியும், இல்லைன்னா நசுங்கும். செயின் மூடிகளைக் கழட்டி அந்த வளைவைக் கையால தடவிப் பாருங்க.

கடைசியா டேம்பர். கேரேஜ்ல இருந்து கழட்டி, இங்க் டியூப் பொருத்தியபடியே, வெளிவாயில 10 மி.லி. சிரிஞ்சை ஒரு சின்ன ரப்பர் டியூபால இணைச்சு மெதுவா இழுங்க. நல்ல டேம்பர்ல கை கனமே தெரியாம இங்க் தொடர்ந்து வரும். பிஸ்டன் பின்னாடி இழுத்துக்கிட்டே போனா உள்ளே இருக்கிற சல்லடை அடைச்சிருக்கு. நுரை வந்தா ஓ-ரிங். பக்கத்துல இருக்கிற சயானையும் இதே மாதிரி இழுத்துப் பார்த்தா வித்தியாசம் கைக்கே தெரியும். மாத்துறதா இருந்தா நாலையும் மாத்திடுங்க. ஹெட் விலைக்கும் டேம்பர் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க: இங்க் வரலைன்னு பாட்டிலைத் தூக்கி ஸ்டூல் மேல வைக்காதீங்க. இங்க் மட்டம் ஹெட்டுக்குக் கீழே இருந்தாத்தான் நாசில் வாயில இங்க் சொட்டாம நிற்கும். மேலே தூக்கினா இங்க் வழிஞ்சு கேப்புல (ஹெட் ஓய்வுல உட்கார்ற ரப்பர் உதடு வச்ச மூடி) நாலு கலரும் கலக்கும். வழிஞ்சது ஹெட் கேபிள் பக்கம் போனா போர்டும் சேர்ந்து போகும்.

கிண்டி_எலக்ட்ரிகல்:

மூன்றாவது தொல்லைக்கு மட்டும் சொல்கிறேன். மோதல் எப்போதும் இடது கோடியில், இரட்டைக் கோடு எப்போதும் ஓரிடத்தில் என்றால் என்கோடர் ஸ்ட்ரிப்பை (கேரேஜ் ஓடும் பாதை நெடுக இருக்கும் மெல்லிய கோடு போட்ட பட்டை) பாருங்கள். கேரேஜ் தான் எங்கே இருக்கிறோம் என்பதை அந்த ஸ்ட்ரிப்பில் உள்ள கோடுகளை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. இங்க் மூடுபனியோ கிரீஸோ படிந்து சில கோடுகள் எண்ணிக்கையில் விட்டுப்போனால், கோடி வருவதற்கு இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய் முட்டும். இரட்டைக் கோடு இடம் மாறி மாறி வந்தால் மட்டும் ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு சென்சார், கேரேஜ் ஃப்ளாட் கேபிள், பெல்ட் என்று போங்கள்.

மெஷினை அணைத்து, ஸ்ட்ரிப்புக்குப் பின்னால் மொபைல் டார்ச் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாருங்கள். அழுக்கு நிழலாகத் தெரியும். பஞ்சு உதிராத துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, நீளவாக்கில் துடையுங்கள். போகாவிட்டால் மட்டும் ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்), அதுவும் கோடியில் இரண்டு அங்குலம் சோதித்த பிறகு. சில ஸ்ட்ரிப்பில் கோடே அழிந்து வந்துவிடும். இங்க் கிளீனிங் சொல்யூஷன் அதன் பக்கமே போகக்கூடாது. ஸ்ட்ரிப் நுழைந்து போகும் சென்சார் வாயையும் ப்ளோயரால் ஊதிவிடுங்கள். கோடியில் ஸ்ட்ரிப்பை இழுத்துப் பிடிக்கும் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் ஸ்ட்ரிப் ஆடி சென்சாரில் உரசும். சுரண்டல் தெரிந்தால் துடைத்துப் பிரயோஜனமில்லை, புதுசு போடுங்கள்.

இதோடு எர்த்தையும் பார்த்துவிடுங்கள். மெஷின் செருகும் ப்ளக் பாயின்ட்டில் மல்ட்டிமீட்டர் வைத்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேஸ்-நியூட்ரல் காட்டும் அளவேதான் காட்ட வேண்டும், ஏறக்குறைய 230. அங்கே 150, 160 என்று வந்தால் எர்த் பெயரளவில்தான் இருக்கிறது. சென்னையில் மே மாதம் எர்த் குழி காய்ந்து போய்விடும். வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலே மீட்டரில் மாற்றம் தெரியும். எர்த் சரியில்லாத மெஷினில் வினைல் ரோல் அவிழும்போது சுரீரென்று கையில் அடிக்கும். அந்த ஸ்டாட்டிக் இங்க் துளியையே திசை திருப்பி எழுத்து ஓரத்தைப் பஞ்சாக்கும். யுஎஸ்பி இணைப்பும் அடிக்கடி அறுந்து போகும்.

ஹெட் கேபிளில் கை வைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் மெஷினை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் பொறுங்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்போது கேபிளைச் செருகினால் போர்டில் ஹெட்டை ஓட்டும் ட்ரான்சிஸ்டர் ஜோடி போய்விடும், சில நேரம் ஹெட்டையும் கூட்டிக்கொண்டு. கேபிள் முனையில் இங்க் கறை தெரிந்தால் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதே பின் எண்ணிக்கை, அதே நீளம், முனையில் தொடுபக்கம் எது என்று பார்த்துப் புதுசு வாங்குங்கள். தொடுபக்கம் மாறிய கேபிளைத் தெரியாமல் செருகுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

வினைல்பித்தன்:

இருவருக்கும் நன்றி. பார்த்தவை: மூடி திறந்து ஓட்டியும் அதே கதை. டியூப் குறி காலையில் அசையவில்லை. டேம்பரை இழுத்தேன், சயான் சுலபமாக வந்தது, மெஜந்தாவில் பிஸ்டன் பின்னுக்கு இழுத்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையில் கூழ் மாதிரி படிந்திருக்கிறது. நாலு டேம்பரும் ஓ-ரிங்கும் மாற்றி மூன்று மீட்டர் சிவப்பு ஓட்டினேன், ஒரே சீர்.

என்கோடர் ஸ்ட்ரிப்பில் இடது கோடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு கிரீஸ். தண்ணீரிலேயே வந்துவிட்டது. முட்டுவது நின்றது, இரட்டைக் கோடும் இல்லை. நியூட்ரல்-எர்த் 9 வோல்ட் காட்டுகிறது; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன்.

எல்லோ 14 மட்டும் அப்படியே. ஹெட்டைக் கழற்றி அல்ட்ராசோனிக்கில் (அதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டி) போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா?

ரோல்_44:

போடலாம் அண்ணா, நாசில் அளவுக்கு மட்டும் சொல்யூஷன் ஊற்றி, அரை நிமிஷம் விட்டு விட்டு. அடைப்பு கல்லாகிவிட்டால் வேறு வழி கிடையாது.

சிரிஞ்சும்_ஸ்பேனரும்:

தம்பி சொல்றது கடைசிக் கட்டத்துக்கு, அதுவும் ஹெட்டை இழந்தாலும் பரவாயில்லைங்கிறவங்களுக்கு. அந்த அதிர்வுல நாசில் தகடு ஒட்டியிருக்கிற பசை விடும். சொல்யூஷன் மேலே ஏறி, இங்க்கை வெளியே தள்ளுற பீசோ பக்கம் போனா அதோட முடிஞ்சது. நாலு வருஷ ஹெட்டுக்கு அது வேண்டாம்.

வினைல்பித்தன், அந்த 14-ம் பக்கம் பக்கமா ஒரே கொத்தா இருக்கா, சிதறியிருக்கா? சிதறியிருந்தா காய்ஞ்ச இங்க். கொத்தா இருந்தா மீடியா, அதாவது பிரிண்ட் ஆகிற வினைல், ஹெட்ல உரசியிருக்கு. ஐப்பசி, கார்த்திகையில இங்கே ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். சுவரோரம் நிறுத்தி வச்ச வினைல் ரோலோட பின்காகிதம் ஈரம் குடிச்சு ஓரம் அலையலையா எழும்பும். ஹெட் உயரம் ஒன்றரை மி.மீ.தான், அலை அதுக்கு மேல எழுந்தா தேய்ச்சுக்கிட்டுத்தான் போகும்.

முதல்ல கேப்பை நம்பலாமான்னு பாருங்க. கேப் சரியில்லாம போடுற கிளீனிங் எல்லாம் வெறும் சத்தம்தான். கேப்புல 5 மி.லி. சொல்யூஷன் ஊத்தி பம்ப் ஓடாம பத்து நிமிஷம் விடுங்க. மட்டம் இறங்கினா பம்ப் உள் டியூப் தேய்ஞ்சிருக்கு. அப்புறம் பம்ப் ஓட்டினா சில நொடியில உறிஞ்சிடணும். ரப்பர் உதட்டுல காய்ஞ்ச இங்க் விளிம்பு கட்டியிருந்தா ஹெட்டோட ஒட்டாது, துடைச்சு எடுங்க. ஹெட்டைத் துடைக்கிற வைப்பர் ஓரம் வளைஞ்சிருந்தா அதையும் மாத்துங்க.

கேப் சரின்னா ராத்திரி அதை விளிம்பு வரைக்கும் சொல்யூஷனால நிரப்பி ஹெட்டை உட்கார வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. உங்க இங்க்குக்கு உரிய சொல்யூஷன் மட்டும். அசிட்டோன், தின்னர் பசையைத் தின்னும்; தண்ணி பட்டா சால்வென்ட் இங்க் திரிஞ்சு கூழாகிடும். காலையில பம்ப் டியூப்ல சிரிஞ்ச் மாட்டிக் கீழேயிருந்து 5 மி.லி. இழுங்க. மேலேயிருந்து தள்ளுறதைவிட இது சாது.

அப்பவும் வரலைன்னாத்தான் மேலேயிருந்து தள்ளணும். ஹெட் கேபிளைச் சுத்தி டிஷ்யூ அடைச்சு, எல்லோ டேம்பரைக் கழட்டி, அது உட்கார்ற குழல்ல மெத்து டியூப் போட்டு 10 மி.லி. சிரிஞ்ச். 2 மி.லி. சிரிஞ்ச் எடுக்காதீங்க, பிஸ்டன் சின்னதானா அதே விரல் அழுத்தத்துக்கு உள்ளே பல மடங்கு அழுத்தம் ஏறும். ஹெட்டுக்குக் கீழே ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, மொபைல் டார்ச். நல்ல நாசில் எல்லாம் நூல் மாதிரி நேரா இறங்கும். சாய்ஞ்சு பீய்ச்சுறது பாதி அடைப்பு, எதுவுமே வராத இடைவெளி முழு அடைப்பு. 2 மி.லி.க்கு மேல தள்ளாதீங்க. கை கனத்தா நிறுத்திட்டு மறுபடி ஊற வைங்க.

வினைல்பித்தன்:

கொத்துதான். வரிசையின் கோடியில் 14-ம் அடுத்தடுத்து. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் தகட்டில் மெல்லிய கீறல் ஒன்று, அதன் நடுவில் காகித நார் மாதிரி ஒட்டியிருந்தது. சொல்யூஷனில் நனைத்த ஃபோம் குச்சியை ஒரே திசையில் இழுத்ததில் நார் வந்துவிட்டது. கேப் 10 நிமிஷம் தாங்கியது. இரவு ஊற வைத்து, காலையில் கீழிருந்து இழுத்தபின் 9 திரும்ப வந்தது. மீதி 5 கீறலின் மேலேயே இருக்கிறது.

சிரிஞ்சும்_ஸ்பேனரும்:

அந்த 5-ஐ விட்டுடுங்க. கீறல் மேல இருக்கிற நாசில் கிளீனிங்ல வராது. தொடர்ந்து தள்ளினா பக்கத்துல நல்லா இருக்கிறதும் சாயும். 360-ல 5 தான். 4 பாஸ்ல (ஒரே இடத்து மேல ஹெட் 4 தடவை போறது) ஓட்டுற வேலையை 6 பாஸ்ல ஓட்டுங்க, அந்த இடத்தை அடுத்த பாஸ்ல வேற நாசில் மூடிடும். எல்லோங்கிறதால கண்ணுக்கும் அவ்வளவா தெரியாது. இதே அஞ்சு பிளாக்ல போயிருந்தா நிலைமை வேற. பாஸ் மாத்தினதும் ஸ்டெப் கேலிப்ரேஷன் (மீடியா நகர்ற அளவைச் சரி பண்றது) ஒருமுறை போடுங்க. கறுத்த கோடு வந்தா மீடியா குறைவா நகருது, வெள்ளைக் கோடு வந்தா அதிகமா நகருது.

ரோலைச் சுவரோரம் நிறுத்தாம, அதே பாலித்தீன் உறையில ஏசி ரூம்லயே படுக்க வைங்க. ஏசி காத்து மட்டும் ஹெட் மேல நேரா அடிக்கக் கூடாது, நாசில் காயும். பிரிண்ட் நடுவுல கரன்ட் போனா ஹெட் கேப்புல உட்காராம வெளியில நிற்கும். ஒரு பதினஞ்சு நிமிஷம் தாங்குற யுபிஎஸ் இருந்தா நிறுத்திப் பார்க் பண்ணிடலாம். அது இல்லாத நாள்ல, பஞ்சு உதிராத துணியை நாலா மடிச்சு சொல்யூஷன்ல நனைச்சு, கீழே பாலித்தீன் போட்டு, ஹெட் தொடுற உயரத்துல அடியில வைங்க. கரன்ட் வந்ததும் மெஷினைப் போடுறதுக்கு முன்னாடி அந்தத் துணியை எடுக்க மறந்துடாதீங்க.

கிண்டி_எலக்ட்ரிகல்:

9 வோல்ட்டுக்குக் குழியில் தண்ணீர் ஊற்றுவதோடு எலக்ட்ரீஷியனை விட்டுவிடாதீர்கள். எர்த் கம்பியும் குழாயும் சேரும் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புத்தண்ணீர் போர் உள்ள இடத்தில் அந்த இணைப்பு பச்சையாக அரித்துப் போயிருக்கும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். சுரண்டி இறுக்கிய பின் அதே ப்ளக் பாயின்ட்டில், ஏசியும் மெஷின் ஹீட்டரும் ஓடும்போது அளக்க வேண்டும். எதுவும் ஓடாதபோது அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.